கோப்பையில் ஒரு பிடி

திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸை வழியில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். தங்கமோ கஞ்சாவோ தேடுகிறார்கள் என்று நினைத்து நான் கால்களை ஒடுக்கிக்கொண்டேன். அவர்கள் தேடியது அரிசி.

எழுபதுகளில், அந்த நாட்டில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. மழை பொய்த்துக் குளங்கள் வற்றிக் கிடந்தன. வெளிநாட்டு அரிசியும் முன்போல் வரவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒன்றிரண்டு படிக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்ணின் வயிற்றைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்: “எத்தினை மாசம் எண்டு கேக்கிறார்.” அந்தப் பெண் ஏழு விரல் காட்டினாள். போலீஸ்காரர் மறுபடியும் ஏதோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. “போன மாசமும் ஏழுதானே காட்டினனீ எண்டு கேக்கிறார்” என்றார் பக்கத்துக்காரர். போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் சேலைக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மடியில் வைத்து, பிள்ளையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் நாகப்பட்டினத்துக்கு மேற்கே வாய்க்கால் கரையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதில் மூன்று வகுப்பு திருகோணமலையில் படித்தேன். அப்பா அங்கே வெள்ளைக்காரர்களின் கப்பற்படைத் துறைமுகத்தில் சமையல்காரராக இருந்தார். சுதந்திரம் வந்த சமயத்தில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். மரகதம் அக்கா மட்டும் அங்கேயே தங்கினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மூதூருக்குத் தெற்கே வயல் வைத்திருந்த செல்லத்துரை அத்தானுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் இறந்த பிறகு வீட்டுப் பத்திரத்தை மாற்ற அவளுடைய கையெழுத்து தேவைப்பட்டது. அதற்காகத்தான் நான் கடல் தாண்டினேன். ஒரு மாதம் தங்க அனுமதி கொடுத்தார்கள்.

நான் கூச்சக்காரன். இறங்கவேண்டிய நிறுத்தத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன். அப்படிப்பட்டவனைத் தனியே அனுப்பிய என் மனைவியின் துணிச்சலைச் சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் இறங்கியதும் கால் தானாகத் துறைமுகத்தைத் தேடி நடந்தது. சிறுவனாகப் பார்த்தபோது அந்தத் தண்ணீரில் கப்பல்கள் மாட்டுச்சந்தைபோல் நெருக்கியடித்து நின்றன. அப்பா மாலையில் வரும்போது பையில் பாண் துண்டுகள் இருக்கும். அங்கே ரொட்டியைப் பாண் என்பார்கள். கப்பல்காரர்கள் தொடாமல் விட்ட துண்டுகள் அவை. அக்கா அவற்றைத் தேநீரில் முக்கி எனக்கு ஊட்டுவாள். இப்போது அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் தூரத்தில் ஒரே ஒரு கப்பல் நின்றது. வாசலில் காவல்காரர் நின்றார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. வெளியிலிருந்தே அந்த வாசத்தை இழுத்துக்கொண்டு திரும்பினேன். கடைத்தெருவில் மான்கள் மாடுகளைப்போல் திரிந்தன. அவை மட்டும் மாறவில்லை.

ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து சோறு கேட்டேன்.

“இண்டைக்குச் சோறில்லாத நாள், அண்ணை” என்றார் கடைக்காரர். “கிழமையில ரெண்டு நாள் கடையளில சோறு போடேலாது. சட்டம். கிழங்கு இருக்கு, மீன் குழம்பு இருக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்கள் ஊரில் காலையில் பழைய சோறு, மதியம் சுடுசோறு, இரவு மீந்த சோறு. வேறு எதைத் தின்றாலும் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. அவித்த மரவள்ளிக் கிழங்கு ஆவி பறக்க வந்தது. மேலே தேங்காய்ப்பூ, பக்கத்தில் சிவப்பாகச் சம்பல். முதல் துண்டு தொண்டையை அடைத்தது. தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு மீன் குழம்பை ஊற்றி விழுங்கினேன். பிறகு ருசி பிடித்துவிட்டது. இன்னொரு தட்டு வாங்கித் தின்றேன். எனக்குக் கிழங்கு பிடித்துப்போனதை அன்றே யாரிடமாவது சொல்லியிருந்தால், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மூதூருக்கு லாஞ்சி ஏறினேன். குடாவின் நடுவில் எஞ்சின் இருமியது, பிறகு நின்றுவிட்டது. எஞ்சின்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு எஞ்சின் இருந்த பள்ளத்துக்குள் இறங்கினார். லாஞ்சி மெதுவாக ஒரு வட்டம் அடித்தது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் ஆற அமரக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் சாப்பாடு, அதிலும் குரக்கன். எங்கள் கேழ்வரகைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

“நேத்து உங்கட வீட்டில என்ன?”

“குரக்கன் பிட்டு. அதுக்கு நெத்தலிச் சொதி.”

“எங்கட மனுசன் குரக்கனைக் கண்டால் முகத்தைத் திருப்புது. கப்பல் வரும், அரிசி வரும் எண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்குது.”

“றோட்டில கப்பல் வராது எண்டு சொல்லு.”

எங்கள் பக்கத்தில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்லமாட்டார்கள். இங்கே லாஞ்சியில் அறிமுகமில்லாதவர்கள் பானையைத் திறந்து காட்டுவதுபோல் பேசினார்கள். ஒரு மணி நேரம் கழித்து எஞ்சின் கண் திறந்தது. அங்கே அடுப்படியைக் குசினி என்கிறார்கள். அதற்குள் இருபது வீட்டுக் குசினிகள் எனக்குத் தெரிந்துவிட்டன.

மூதூர் இறங்குதுறையில் அத்தான் சைக்கிளோடு நின்றார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய சாரம். என்னைக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. “மாமாவின்ர மூக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அக்கா வாசலில் நின்றாள். பன்னிரண்டு வயதில் நாகப்பட்டினத்தை விட்டு வந்தவள். இப்போது பேச்சு, நடை எல்லாம் அந்த மண்ணாகிவிட்டது. “ராசு, நீ என்னடா இவ்வளவு வளந்திட்டாய்?” என்று அழுதாள். எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. வளர்ந்துவிட்டதற்காக வெட்கப்பட்டேன்.

வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மகளை வெருகல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தான். அக்கா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. “அந்த வீட்டில அம்மாவின்ர அம்மி இருக்கோ?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

பிறகு சாப்பாடு. அவர்கள் தட்டைக் கோப்பை என்கிறார்கள். முதல் நாள் கோப்பை என்றதும் தேநீர்க் கோப்பை வருமென்று பார்த்தேன். பெரிய பீங்கான் தட்டு வந்தது. அதில் வெள்ளையாக மலைபோல் சோறு, மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். பட்டினி நாட்டில் இப்படியா என்று நினைத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. தட்டில் சோற்றை விட்டால் சமைத்தவளை அவமதித்தது மாதிரி. நான் வழித்து முடிக்கவும் அக்கா அகப்பையோடு வந்து நின்றாள். போதும் என்பதற்குள் இன்னொரு மலை விழுந்தது. அதையும் வழித்தேன். மறுபடியும் அகப்பை. அத்தான் ஓரக்கண்ணால் பார்த்து, “தஞ்சாவூர்ச் சீமையல்லே, சும்மாவோ?” என்றார். மூன்று வேளையும் இப்படியே நடந்தது. வயிறு வெடிக்கும்போல் இருந்தது. ஆனாலும் எப்படி மிச்சம் வைப்பது?

நான் சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்த பிறகுதான் அவர்கள் குசினிக்குள் உட்காருவார்கள். விருந்தாளி முதலில் என்பது வழக்கம் என்று விட்டுவிட்டேன். இந்தியாவிலிருந்து தம்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கும் சோறு.

எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு ஓடும். பாத்திரம் கழுவ இறங்கினால் மீன் காலைக் கடிக்கும். அக்கா வீட்டுக் கிணற்றில் வாளி இறங்கி இறங்கிப் போய், கடைசியில் கல்லில் தட்டும் சத்தம் கேட்கும். ஒரு வாளி நிறையக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, முகம் கழுவிய தண்ணீர் கத்தரிச் செடிக்கு. நான் முதல் நாள் நான்கு வாளி ஊற்றிக் குளித்தபோது அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் அன்றைக்குக் குளிக்கவில்லை.

நான்காம் நாள் அத்தான் என்னைக் குளத்தடிக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். அந்தக் குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கும் தமிழரும் முஸ்லிம்களும் மரத்தடியில் கூடியிருந்தார்கள். சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பில் இருப்பவரை வட்டவிதானை என்கிறார்கள். ஒட்டி உலர்ந்த மனிதர். அவர் குளத்துக்குள் இறங்கி ஒரு கம்பை நட்டார். தண்ணீர் அவர் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

“இவ்வளவுதான்” என்றார். “இதுக்குக் குரக்கன், பயறு எண்டால் எல்லாக் காணியும் செய்யலாம். நெல்லெண்டால் குளத்துக்குக் கிட்ட உள்ள துண்டு மட்டும்தான்.”

“குரக்கனை ஆர் மூண்டு நேரமும் தின்னிறது?” என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

காசிம் நானா என்று ஒருவர் எழுந்தார். மூதூரிலிருந்து சைக்கிளில் வந்து அத்தானின் பக்கத்து வயலைச் செய்பவர். தாடி முழுக்கச் சிரிப்பு. “தம்பி, நெல்லு ரெண்டு தரம் தண்ணி குடிக்கிற சாமான். வயல்ல ஒருக்கா, பானையில ஒருக்கா. உன்ட பொஞ்சாதி அதைக் கழுவி, அவிச்சு, வடிச்சுத் தாற தண்ணியில நான் ஒரு பாத்தி பயறு போட்டிருவன்.”

“அப்ப நீங்க சோறு தின்னுறதில்லையோ நானா?”

“தின்னாம? சோத்துக்குத்தானே இஞ்ச வந்து நிக்கிறன்!”

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் முடிவானது இப்படி. குளத்துக்குக் கிட்ட உள்ள நிலம் யாருடையதாக இருந்தாலும், இந்தப் போகத்துக்கு மட்டும் அதை எல்லோருக்கும் துண்டு துண்டாகப் பங்கிட வேண்டும். அதில் நெல். மேட்டு நிலத்தில் மழையை நம்பிக் குரக்கனும் பயறும். தண்ணீர் திறந்து மூன்று நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். விதைக்காத துண்டுக்குத் தண்ணீர் இல்லை. அதைக் கேட்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் அசந்துபோனேன். எங்கள் ஊரில் மடைக்குப் பக்கத்து வயல்காரன் கடைசி வயல்காரனைத் திரும்பிப் பார்க்கமாட்டான். இங்கே குளத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், தன் நிலம் எட்டுத் துண்டாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அத்தானுக்குக் கிடைத்தது அரை ஏக்கர். மாசி மாத அறுவடை வரைக்கும் அந்த வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வர வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை குசினிக்குப் பின்னால் உலக்கைச் சத்தம் கேட்டுப் போனேன். அக்கா நெல் குத்திப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் நுனியில் உமியோடு காய்ந்த இலைகள் ஒதுங்கிக் கிடந்தன. குனிந்து எடுத்தேன். நொச்சி இலை. வீட்டுச் செலவுக்கு வைக்கும் நெல்லில் யாரும் நொச்சி இலை போடமாட்டார்கள். பூச்சி விழாமல் இருக்க விதைநெல்லில்தான் போடுவார்கள்.

“அக்கா, இது வெதை நெல்லா?”

அவள் சுளகை நிறுத்தவில்லை. “உள்ளுக்குப் போ. வெயில்.”

நான் போகவில்லை. குசினிக் கதவைத் தள்ளினேன். அடுப்புக்குப் பக்கத்தில் அவர்கள் இருவருக்குமாக மரவள்ளிக் கிழங்கு மூடி வைத்திருந்தது. மூலையில் இருந்த விதைப் பெட்டியைத் திறந்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

“ஏன்க்கா சொல்லல?”

“என்னெண்டு சொல்றது? நீ கோப்பையை வழிச்சு வழிச்சு வைக்கிறாய். எனக்கு வயிறு எரியுது. இன்னும் பசிக்குது போல எண்டு போட்டன்.”

“மிச்சம் வெச்சா மரியாதை இல்லியேன்னு தின்னேன்க்கா. வயிறு முட்டிப் போச்சு.”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். “இஞ்ச ஒரு பிடி மிச்சம் விட்டால்தானடா போதும் எண்டு அர்த்தம்.”

“அம்மா அடிப்பாளே!”

“அம்மா அடிப்பா” என்றாள் அக்கா. “ஓம், அடிப்பா. நான் அதை எப்பிடி மறந்தனான்?” என்று சொல்லிவிட்டு, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது.

மத்தியானம் அத்தானிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது என் மேல் அல்ல, எனக்குத் தெரிந்துவிட்டதன் மேல். “உனக்குக் கிழங்கைத் தந்து அனுப்பினால் ஊரில என்ன கதைப்பினம்? மரகதத்தைப் பட்டினி வீட்டில குடுத்தது எண்டு கதைக்கமாட்டினமோ?” என்றார். வேறு யாரிடமாவது விதை கேட்கலாமே என்றேன். எல்லோரிடமும் அளந்து வைத்த விதைதான், மிச்சமில்லை என்றார். கூட்டுறவுச் சங்கத்திலும் முடிந்துவிட்டதாம். “விதையைத் திண்டவன் எண்டு சொல்லிக்கொண்டு நான் ஒரு வாசலும் ஏறேலாது.” சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று முழுவதும் பெட்டியையே சுற்றி வந்தேன். கையால் அளந்து பார்த்தேன். அங்கே நெல்லை வயல் முழுக்க வீசி விதைப்பார்கள். அதற்கு அந்தப் பெட்டியில் இருந்தது பாதிக்குக்கூடக் காணாது. ஆனால் நாங்கள் வீசுவதில்லை. ஒரு மூலையில் நாற்று விட்டுப் பிடுங்கி நடுவோம். நாற்றுக்கு அந்த நெல் போதும். அது என் விரலுக்குத் தெரிந்த கணக்கு. அதைச் சொல்ல வேண்டும். அதுவும் வட்டவிதானையிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாற்று வளரும் வரைக்கும் அத்தானின் துண்டு வெறும் மண்ணாகக் கிடக்கும். விதைக்காத துண்டு அடுத்தவருக்கு.

மறுநாள் காலை குளக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தானும் மண்வெட்டியோடு நின்றார். நான் வட்டவிதானைக்கு முன்னால் போய் நின்றேன்.

“என்ன தம்பி?”

“அத்தான் வீட்டு வெதை நெல்ல நான் தின்னுட்டேங்க.”

மண்வெட்டிகள் நின்றன. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். காசிம் நானாவின் சிரிப்புதான் முதலில் வெடித்தது. “அட, எலிக்குத்தானே நாம பொறி வெச்சம்! கப்பல் ஏறி வார எலிக்கு ஆரு வெச்ச?”

சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மிச்ச விதையை வீட்டுக் கிணற்றடியில் பாத்தி கட்டி நாற்று விடுகிறேன். குளிக்கிற தண்ணீரே அதற்குப் போதும். பதினெட்டு நாள் குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கேட்கமாட்டோம். அதற்குப் பிறகு ஒரே நாளில் நட்டுவிடுகிறோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அந்நியர்களிடம் நான் பேசியதில்லை.

வட்டவிதானை சிரிக்கவில்லை. “விதைக்காத துண்டுக்குத் தண்ணியில்லை. அதுதான் எல்லாருக்கும் சொன்னது.”

“அவன்தான் தண்ணி வேணாம் எண்டுறானே ஐயா” என்றார் காசிம் நானா. “பதினெட்டு நாளைக்கு அவன்ட பங்கும் குளத்துலதான் கிடக்கும். தண்ணி கேக்காதவனுக்கு என்ன தெண்டம்?”

வட்டவிதானை கம்பு நட்ட இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பத்தொன்பதாம் நாள் விடியத் தண்ணி விடுவன். பொழுது படேக்குள்ள நட்டு முடிக்க வேணும். இல்லாட்டித் துண்டு அடுத்த ஆளுக்கு.”

வீடு திரும்பும் வழியில் அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் நின்று, “எலி” என்றார். அவ்வளவுதான். அவர் மீசை கொஞ்சம் அசைந்தது.

நெல்லை ஊறவைத்து, ஈரச்சாக்கில் கட்டி முளைகட்டினோம். கிணற்றடியில் பாய் அகலத்துக்குச் சில பாத்திகள். பாத்தி ஓரத்துக் கல்லில் நின்றுதான் மூன்று பேரும் குளித்தோம். சவர்க்காரம் போட்டால் முளை கருகும் என்று நான் சொன்னதால் அத்தான் பதினெட்டு நாள் சவர்க்காரமில்லாமல் குளித்தார். “கலியாணத்துக்குக்கூட இந்த மனுசன் ரெண்டு தரம் குளிச்சதில்லை. இப்ப நாத்துக்காகக் காலையும் மாலையும் குளிக்குது” என்றாள் அக்கா.

சாப்பாடும் மாறியது. குசினியில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கிழங்கு, குரக்கன் பிட்டு, ஒரு நாள் பாண், ரேஷன் கூப்பனுக்கு அரிசி கிடைத்த வாரம் கஞ்சி. முதல் நாளில் திருகோணமலைக் கடையில் இரண்டு தட்டுக் கிழங்கு தின்ற கதையை அப்போதுதான் சொன்னேன். அக்கா அகப்பையை ஓங்கினாள். “இதை வந்த அண்டைக்குச் சொல்ல உன்ர வாயில என்ன இருந்தது?” “சோறு இருந்துச்சு” என்றேன். அத்தான் கிழங்கோடு புரையேறி இருமினார். அந்தப் பதினெட்டு நாள்தான் நான் அந்த வீட்டில் உண்மையாகவே இருந்த நாட்கள். மாலையில் அக்கா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா நடவுக்குப் போகும்போது தன்னையும் கூட்டிப்போனதை, சேற்றில் கொலுசு தொலைத்ததை, அப்பா கொண்டுவந்த பாண் துண்டுகளை எல்லாம் சொல்வாள். இருபத்தைந்து வருஷத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தோம்.

பத்தொன்பதாம் நாள் விடியலில் மடை திறந்தது. தண்ணீர் மெலிதாக வந்தது. அரை ஏக்கரை நனைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கே நடவு தெரிந்தவர்கள் யாருமில்லை. நானும் அக்காவும்தான் இறங்கினோம். அவள் நாற்று முடியைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். முதல் வரிசை கோணிப்போனது. இரண்டாவது வரிசையில் கட்டைவிரல் தானாக இறங்கியது. மூன்றாவதில் என்னை முந்திவிட்டாள்.

வேடிக்கை பார்க்கப் பெண்கள் வரப்பில் கூடினார்கள். “மரகதமக்கா சேத்தில என்ன தேடுறா?” “தம்பி திண்ட நெல்லைத் தேடுறா” என்று கிண்டல். மத்தியானமாகியும் பாதி முடியவில்லை. அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்கிற வாய்க்குக் கையும் இருக்குத்தானே, இறங்குங்கோவன்!” என்றாள். முதலில் ஒருத்தி இறங்கினாள். பிறகு ஏழெட்டுப் பேர். கொத்துக் கொத்தாக, கோணலும் மாணலுமாக நட்டார்கள். நான் பின்னாலேயே போய்த் திருத்தினேன். காசிம் நானா தன் வேலையை விட்டுவிட்டு வந்து நாற்று முடிகளை எட்ட நின்று வீசினார். ஒன்று அத்தானின் தலையில் விழுந்தது.

பொழுது சாய்ந்தபோது மேட்டுப் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. நாற்றும் முடிந்துவிட்டது. வட்டவிதானை கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். காசிம் நானா மடியிலிருந்து ஒரு பிடி பயற்றை எடுத்து அந்த மூலையில் விசிறினார். “இப்ப சரி. ஐயா, விதைக்காத இடம் எங்க இரிக்கு, காட்டுங்க பாப்பம்.” வட்டவிதானை அடுத்த மடையைப் பார்க்கப் போனார். அதுதான் அவருடைய சம்மதம் என்றார்கள்.

அடுத்த நாள் எனக்கு அனுமதி முடியும் தறுவாய். லாஞ்சிக்கு வரும்போது அக்காவின் விரல் நகங்களில் சேறு இருந்தது. வாழையிலையில் கட்டிய கிழங்கை என் கையில் திணித்தாள். “முழுக்கத் தின்” என்றாள். அவ்வளவு நாற்றும் வாடி நின்றதை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நட்ட பயிர் முதல் நாள் அப்படித்தான் நிற்கும். அது தெரிந்தும், கடல் முழுக்க அதுவே கண்ணுக்குள் நின்றது.

ஊருக்கு வந்து ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்தேன். ஆடி போயிற்று, ஆவணியும் பாதி போயிற்று. பிறகு அத்தானின் கையெழுத்தில் ஒரு நீலக் கடிதம் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இரண்டு வரிதான்.

“நெல்லு வெட்டிவிட்டோம். கடைசித் தண்ணீருக்குக் குளத்தில் சேறுதான் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. காசிம் நானாவின் மூலையில் பயறும் காய்த்தது. அக்கா முதல் வேலையாக விதைப் பெட்டியை நிரப்பிப் பூட்டுப் போட்டிருக்கிறா. நீ எப்போது வருகிறாய் என்று எழுது. சாவியை முன்கூட்டியே நானா வீட்டில் கொடுத்து வைக்க வேணுமாம்.”